நாலாவது படுக்கை

கனமானது கீழே, லேசானது மேலே, உடைகிறது நடுவில் துணிக்குள்ளே என்று முணுமுணுத்தபடி தாமோதரன் அரிசிப் பையைச் சமையல் மேடைக்கு அடியில் தள்ளினார். தள்ளும்போதே, இதையெல்லாம் நான் எதற்குச் செய்துகொண்டிருக்கிறேன் என்று நெஞ்சுக்குக் கீழே ஒரு எரிச்சல் கிளம்பியது. காலையில் தின்ற பொங்கலாக இருக்கலாம். ஆனால் சகலையின் சிரிப்பு கேட்கும்போதெல்லாம் எரிகிற பழக்கம் பொங்கலுக்குக் கிடையாது. வெளியே குலசேகரன் சிரித்துக்கொண்டிருந்தான். எதிர்வீட்டுக்காரர், என்ன சார் கேரவன் வந்து நிக்குது, நம்ம தெருவுல ஷூட்டிங்கா என்று கேட்டிருக்கிறார். அதற்கு இவன், ஆமா சார், ஹீரோ நான்தான், டைரக்டர் உள்ள சாமான் அடுக்கிட்டிருக்காரு என்கிறான். எல்லாரும் சிரிக்கிறார்கள். கோமதியும் சிரிக்கிறாள். இத்தனை வருஷம் தன்னோடு குடித்தனம் நடத்தியவள், தான் சொன்ன எந்த ஜோக்குக்காவது இப்படி வாய்விட்டுச் சிரித்திருக்கிறாளா என்று தாமோதரன் அரிசிக்கும் பருப்புக்கும் நடுவில் கையை வைத்துக்கொண்டு யோசித்தார். ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. தான் ஜோக் சொன்னதே நினைவுக்கு வரவில்லை. சரி, அவன் டைல்ஸ் கடைக்காரன், வாடிக்கையாளரைச் சிரிக்க வைத்தே விற்றவன்; தான் சிமெண்ட் ஆலையின் ஸ்டோரில் இருந்தவர், சிமெண்ட் மூட்டைக்கு எந்த மடையன் ஜோக் சொல்லுவான். பருப்பை டப்பாவில் வைக்காமல் பையிலேயே வைத்தது நல்லதாகப் போயிற்று, ஓடுகிற வண்டியில் டப்பாக்கள் ஒன்றோடொன்று மோதிக் காஷ்மீர் வரைக்கும் ஜால்ரா தட்டும். காஷ்மீர். அந்த வார்த்தையைத்தான் நினைக்கக் கூடாது என்று காலையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், பருப்பு வழியாக வந்துவிட்டது.

கோமதியின் தங்கை வைஜயந்தியைக் கட்டியவன் குலசேகரன். கடையைப் பிள்ளையிடம் ஒப்படைத்துவிட்டு ஒரு பெரிய வேனை வாங்கி, அதற்குள் வீடு கட்டியிருக்கிறான். அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கக்கூஸ், மடக்கு மேஜை, கீழே இரண்டு மேலே இரண்டாக நாலு படுக்கை. நாலு. போகிறவர்கள் மூன்று பேர், அவனும் வைஜயந்தியும் கோமதியும். நாலாவது படுக்கை வலது பக்கம் மேலே, மஞ்சள் விரிப்போடு, தலைமாட்டில் ஒரு குட்டி விளக்கோடு காலியாக இருந்தது. தாமோதரன் அந்தப் பக்கம் பார்க்காமல் பார்த்தார். வைஜயந்தி ஜன்னலில் தலையை நீட்டி, "மாமா, கம்பளியெல்லாம் அந்த மேல் படுக்கையில போட்டுருங்க, சும்மாதானே கெடக்கு" என்றாள். சும்மாதானே கெடக்கு. "அதுல வச்சா பிரேக் போடறப்ப தலையில விழும்மா, நான் வேற எடம் பாக்கறேன்" என்றார். கம்பளி விழுந்து யார் மண்டையும் உடைந்ததாக உலகத்தில் செய்தி இல்லை. ஆனாலும் அவர் அந்தக் கம்பளிகளைச் சுருட்டி, முழங்காலால் அமுக்கிக் காற்றை எடுத்து, கட்டி, கக்கூஸ் கதவுக்கு மேலே யாருமே கவனிக்காத ஒரு பொந்தில் திணித்தார். வாளிக்குள் மக், மக்குக்குள் சோப்பு, சோப்புக்குள் என்று ஒன்றையும் வைக்க முடியாது, வைக்க முடிந்தால் வைத்திருப்பார். குக்கருக்குள் சின்னக் குக்கர், சின்னக் குக்கருக்குள் டம்ளர்கள், டம்ளர்களுக்குள் கடுகும் சீரகமும். காலையிலிருந்து எத்தனையோ சாமான் உள்ளே வந்துவிட்டது, இன்னும் அந்தப் படுக்கையின் மேல் ஒரு கைக்குட்டைகூட விழவில்லை. எதற்காக விழவில்லை என்று யாராவது கேட்டால் அவரிடம் பதில் இருந்தது, எடை சமமாக இருக்க வேண்டும், தண்ணீர்த் தொட்டி இடது பக்கம், ஆகையால் வலது பக்கம் என்று ஆரம்பித்து அரைமணி நேரம் பேசுவார். ஆனால் யாரும் கேட்கவில்லை. கேட்கத்தானே மாட்டேன் என்கிறார்கள்.

வருகிறீர்களா என்று குலசேகரன் ஒரே ஒரு தடவை கேட்டான். அதுதான் முள்ளாக இருந்தது. ஒரு சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கோமதி போட்ட வாழைக்காய் பஜ்ஜியைக் கையில் வைத்துக்கொண்டு, "அண்ணே, நாலு பேருக்குப் படுக்கை போட்டிருக்கேன், நீங்களும் அக்காவும் வந்தே ஆகணும்" என்றான். அந்த நொடி தாமோதரனுக்குள் துள்ளியது என்னவென்று அவருக்குத் தெரியும். உடனே சரி என்று சொல்லத்தான் வாய் வந்தது. ஆனால் அவர் அந்த வீட்டு மூத்த மாப்பிள்ளை. மூத்த மாப்பிள்ளை கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருவானா? கல்யாணத்துக்கு மறுநாள் மாமனார் வீட்டில் சாப்பிட உட்காரவே மூன்று தடவை வருந்தி வருந்தி அழைத்தார்கள், தலைதீபாவளிக்கு மாமனாரே பஸ் ஏறி வந்து கூப்பிட்டுவிட்டு, போதாதென்று மச்சினனை வேறு அனுப்பினார். வேண்டாம் என்பது வேண்டாம் என்று அர்த்தமா, அது ஒரு மரியாதை, கூப்பிடுகிறவர்களுக்கு இன்னொரு தடவை கூப்பிட வாய்ப்புக் கொடுப்பது. ஆகையால் சாய்ந்து உட்கார்ந்து, "என் இடுப்புக்கு அதெல்லாம் ஒத்து வராது தம்பி" என்றார். அடுத்தது அவன் முறை. அட என்னண்ணே, நீங்க இல்லாம எப்படி, உங்க இடுப்புக்குன்னு தனியா மெத்தை போடறேன் என்று சொல்ல வேண்டும். இவர் இன்னும் கொஞ்சம் முறுக்க வேண்டும். வைஜயந்தி, மாமா ப்ளீஸ் மாமா என்று கையைப் பிடிக்க வேண்டும். அப்புறம் சரி, இவ்வளவு சொல்றீங்க என்று இறங்கி வர வேண்டும். குலசேகரன் என்ன செய்தான்? "அப்படியாண்ணே, உடம்புதான் முக்கியம், பாத்துக்குங்க" என்று சொல்லிவிட்டு இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டான். அவ்வளவுதான். முடிந்தது. அன்று ராத்திரி கோமதி, நான் மட்டும் போயிட்டு வரட்டுமா என்று கேட்டபோது, போயேன், நான் என்ன கட்டியா வச்சிருக்கேன் என்றார். அதற்கும் ஒரு பதில் உண்டு, நீங்க இல்லாம நான் எங்க போக என்று. தமிழ்நாட்டில் பெண்டாட்டிகள் பரம்பரையாகச் சொல்லி வருகிற பதில். கோமதி, சரிங்க என்று விளக்கை அணைத்தாள்.

மேஜையை மடக்கிப் பார்த்தார். சத்தமில்லாமல் மடங்கியது. சனியன், எல்லாமே சத்தமில்லாமல் மடங்குகிறது. இந்த வண்டியில் ஒரு குறை கண்டுபிடித்துவிட்டால் போதும், இன்று மத்தியானச் சாப்பாடு இறங்கும் என்று இருந்தது. அலமாரிகளை ஒவ்வொன்றாகத் திறந்து சாத்தினார். மூன்றாவது அலமாரியின் கொக்கி கொஞ்சம் தளர்ந்திருந்தது. ஆகா. தட்டிப் பார்த்தார், லேசாகத் தட்டியதற்கே திறந்துகொண்டது. ஊறுகாய் பாட்டிலை இதில் வைத்திருந்தால் முதல் பள்ளத்திலேயே தலையில் ஆவக்காய் அபிஷேகம் நடந்திருக்கும். அந்தச் சந்தோஷத்தைக் கொஞ்ச நேரம் தனியாக வைத்துக்கொண்டார், பிறகு அதை அனுபவிக்க ஆள் வேண்டுமே என்று, "தம்பி, லட்சக்கணக்குல செலவு பண்ணியிருக்கீங்க, கொக்கி நிக்க மாட்டேங்குதே" என்று குரல் கொடுத்தார். குலசேகரன் ஓடி வந்தான். பார்த்தான். முகம் வாடுமென்று தாமோதரன் காத்திருந்தார். "இதுக்குத்தாண்ணே நீங்க வேணும்கறது! வயசான கண்ணுன்னு சொல்லுவாங்க, கழுகுக் கண்ணுண்ணே உங்களுக்கு. ஏய் வைஜூ, மாமா என்ன கண்டுபிடிச்சாரு பாரு!" என்று தோளில் தட்டிவிட்டு, ஸ்க்ரூ டிரைவர் எடுத்துவந்து ஒரு திருகில் சரிசெய்துவிட்டுப் போனான். குறையும் போயிற்று. இவனை எதிரியாக வைத்துக்கொள்ளக்கூட விடமாட்டேன் என்கிறானே. நீங்க வேணும்கறது என்றானே, அது கூப்பிட்டதில் சேருமா? சேராது. அது வாய்க்கு வந்த பேச்சு. கடையில் வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லியிருப்பான், நீங்க வேணும் சார்.

முதல் இலை யாருக்கு என்பதில்தான் ஆரம்பித்தது இதெல்லாம். மாமனார் வீட்டில் முதல் இலை அவருடையது, ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே. வைஜயந்தியின் கல்யாணத்துக்கு அப்புறமும் சில வருஷம் அப்படித்தான் இருந்தது, குலசேகரனும் அண்ணே உக்காருங்க என்று தள்ளி நிற்பான். அவன் கடை பெரிதானது. மாமியாருக்கு அவன் ஒரு தீபாவளிக்குச் சுவரை அடைக்கிற டிவி வாங்கி வந்தான். அதே தீபாவளிக்குத் தாமோதரன் வாங்கிப்போன மிக்ஸி, பெட்டி பிரிக்காமலே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. அந்த வருஷமும் முதல் இலை அவருக்குத்தான் போட்டார்கள். ஆனால் அப்பளம் முதலில் அந்தப் பக்கம் போயிற்று. யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் கவனித்தார். அப்பளத்துக்குப் போய் ஒரு மனுஷன் இத்தனை வருஷமாகப் பொறாமைப்படுவானா என்று தன்னையே கேட்டுக்கொண்டு, படுவான், நான் படுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். பொறாமைதான். வேறு பெயர் வைக்க என்ன இருக்கிறது. அவன் வண்டி மேல், அவன் சிரிப்பு மேல், இந்த வயதிலும் அவனுக்கு வழுக்கை விழாததன் மேல். எல்லாவற்றையும்விட, கோமதிக்கு அவன் காட்டப்போகிற பனியின் மேல். கல்யாணமான புதிதில் கோமதி, பனியைத் தொட்டுப் பாக்கணுங்க என்றாள். ரிடையராகட்டும் என்றார். ரிடையராகி மூன்று வருஷம் ஆயிற்று, வீட்டு ஃப்ரிட்ஜில் இருக்கிறதைத்தான் அவள் தொட்டுக்கொண்டிருக்கிறாள். ஊட்டிக்கு ஒரு தடவை போனார்கள். அவர் கட்டின மூட்டை முடிச்சில் ரயிலில் கோமதி படுக்கைச் சுருளின் மேல் உட்கார வேண்டியிருந்தது, வழியெல்லாம் அவர் பைகளை எண்ணிக்கொண்டே வந்தார், அவளையும் எண்ணச் சொன்னார். ஊட்டியில என்ன பாத்தீங்க என்று யாரோ கேட்டதற்கு, பெட்டியைப் பாத்தோம் என்றாள் கோமதி. அதற்கும் எல்லாரும் சிரித்தார்கள். அப்படியானால் ஜோக் சொன்னது அவள்.

கருவிப் பெட்டி, டயர் மாற்றுகிற ஜாக்கி, கயிறு, தண்ணீர் பிடிக்கிற ஹோஸ் எல்லாம் பின்பக்கக் கதவோரம், வேண்டும்போது கையை நீட்டினால் வர வேண்டும். வேண்டும்போது என்றால் எப்போது? நாக்பூர் தாண்டி ஏதோ ஒரு வெட்டவெளியில் வண்டி படுத்துக்கொண்டால். படுத்துக்கொள்ளட்டுமே. குலசேகரன் வெயிலில் சட்டையெல்லாம் கிரீஸோடு நிற்கிறான், போனில் சிக்னல் இல்லை, கடைசியில் ஒரு கோடு கிடைத்ததும் திருச்சிக்குப் போடுகிறான், அண்ணே என்ன பண்றதுன்னே தெரியலண்ணே. பதற்றப்படாதீங்க தம்பி என்று இவர் இங்கே ஈஸிசேரில் சாய்ந்துகொண்டு சொல்கிறார். அந்தக் காட்சி மிகவும் ருசியாக இருந்தது. வண்டி இன்னும் கொஞ்சம் மோசமாகக் கெட்டுப்போகலாம், ஓரமாக ஒரு பள்ளத்தில் இறங்கிக்கூட நிற்கலாம் என்று நினைத்தபோது, ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிற கோமதி முன்னால் போய் முட்டிக்கொண்டாள். ஐயோ. உடனே பள்ளத்தைத் தூர்த்தார். கோமதியை இறக்கி ஒரு மரநிழலில் உட்கார வைத்துவிட்டு வண்டியை மட்டும் மறுபடியும் பள்ளத்தில் இறக்கலாமா என்று பார்த்தார், மனசு வரவில்லை, வைஜயந்தியும் நல்ல பெண்தான். கடைசியில் பங்சரோடு நிறுத்திக்கொண்டார். அப்புறம் அந்த ஈஸிசேர் நினைவு வந்தது. அவர்கள் திரும்பி வரும்வரை, ஒன்றரை மாதம் அந்த ஈஸிசேர். அடுப்படியில் சத்தமில்லாத வீடு, தான் வைத்த டம்ளர் வைத்த இடத்திலேயே இருக்கிற வீடு. ராத்திரி நெஞ்சு அடைத்தால் தாழ்ப்பாளை யார் திறப்பது? தாழ்ப்பாள் போடாமல் படுத்தால் திருடன் வருவான். வரட்டும், ஒரு ஆளாவது வந்த மாதிரி இருக்கும். பிரஷர் மாத்திரை டப்பாவைக் கையில் எடுத்தார், கோமதியுடையது, முதலுதவிப் பெட்டியில் போடவேண்டும். தன்னுடைய மாத்திரையும் இதே நிறம்தான். தான் வரவில்லை என்று மாத்திரைக்குத் தெரியாது.

கோமதியின் பை கடைசியாக வந்தது. ஒரே பை. சின்னது. தூக்கியதும் வித்தியாசம் தெரிந்தது, இதைவிடக் கனமாக அவள் மார்க்கெட்டுக்கே கொண்டுபோவாள். கால்மாட்டுப் பெட்டிக்குள் அது அப்படியே நுழையவில்லை, ஜிப்பைத் திறந்து துணிகளைக் கொஞ்சம் தட்டையாக்கினால் போதும் என்று திறந்தார். சத்தியமாக அதற்காகத்தான். மேலே இரண்டு புடவை, சால்வை, குரங்குக் குல்லா. அதற்குக் கீழே சுடிதார். ஒன்று நீலம், ஒன்று மாம்பழ நிறம், கடைச் சீட்டுகூடப் பிய்க்கவில்லை. தாமோதரன் நிமிர்ந்து வெளியே பார்த்தார், யாரும் பார்க்கவில்லை. கோமதிக்குச் சுடிதாரா? எப்போதோ ஒரு தடவை, பக்கத்து வீட்டம்மா போட்டுக்கொண்டு வந்ததைப் பார்த்து, இந்த உடம்புக்கு இது தேவையா என்று பேப்பர் படித்தபடி சொன்னார். பக்கத்து வீட்டம்மாவைத்தான் சொன்னார். எப்போது வாங்கினாள்? யாரோடு போய் வாங்கினாள்? எங்கே ஒளித்து வைத்திருந்தாள், இந்த வீட்டில் அவருக்குத் தெரியாத அலமாரி ஏது? இதைப் போட்டுக்கொண்டு நிற்கப்போகிறாள். பனியில். குலசேகரன் போட்டோ எடுப்பான், அக்கா இப்படித் திரும்புங்க, அக்கா சூப்பர்க்கா என்பான், இவள் வாய்விட்டுச் சிரிப்பாள், அந்தப் போட்டோ குடும்ப வாட்ஸாப்பில் வரும், இவர் கட்டை விரலைத் தூக்கி ஒரு படம் அனுப்ப வேண்டும். மாம்பழ நிறத்தைத் தடவிப் பார்த்தார், மெத்தென்று இருந்தது. ஒரு கணம் அதை எடுத்துத் தன் வேட்டி மடிப்பில் மறைத்துக்கொள்ளலாமா என்றுகூட ஒரு நினைப்பு. சீ. மடிப்புக் கலையாமல், கசங்காமல், இரண்டு புடவைக்கும் நடுவில் வைத்து ஜிப்பை மூடினார். உடைகிறது நடுவில் துணிக்குள்ளே. கை தன் பாட்டுக்கு ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது. இவள் கேட்பாள், கிளம்புவதற்கு முன்னால் ஒரு தடவை கேட்பாள், கேட்காமல் எப்படிப் போவாள். கேட்டால் முறுக்குவதில்லை என்று முடிவு செய்தார். முதல் தடவையிலேயே சரி என்றுவிடுவது. தன் துணியை எடுக்க எவ்வளவு நேரம் ஆகிவிடும்.

ராகுகாலம் முடிந்துவிட்டது என்று வைஜயந்தி சொல்வது கேட்டது. சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள், தேங்காய் உடைத்தார்கள், கற்பூர வாசனை ஜன்னல் வழியாக உள்ளே வந்தது. குலசேகரன் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியைச் சரிசெய்தான், வைஜயந்தி அவன் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். தாமோதரன் வண்டிக்குள்ளேயே நின்றார். இன்னும் சரிசெய்ய ஒன்றும் இல்லை. இருந்தாலும் ஒரு மடக்கு நாற்காலியை எடுத்து அதே இடத்தில் வைத்தார். கோமதி பக்கவாட்டுக் கதவில் வந்து நின்று உள்ளே சுற்றிப் பார்த்தாள்.

"நல்லா அடுக்கியிருக்கீங்க."

"ம்."

"மாவு ஃப்ரிட்ஜ்ல இருக்கு, முன்னாடி இருக்கறத முதல்ல எடுங்க. பால்காரர்கிட்ட அரை லிட்டர் போதும்னு சொல்லிட்டேன். கேஸ மறக்காம மூடிட்டுப் படுங்க."

"ம்."

இப்போது கேட்பாள். மாவுக்கு அப்புறம் பால், பாலுக்கு அப்புறம் கேஸ், கேஸுக்கு அப்புறம் அதுதான். கோமதி புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டாள். முன்னால் இன்ஜின் உறுமியது. அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள், அவர் இறங்குவதற்காக ஒதுங்கி நின்றாள், அவ்வளவுதான், வேறு ஒன்றும் அவள் வாயில் வரவில்லை. இறங்கிவிட்டால் முடிந்தது.

"நானும் வரட்டுமா?" என்றார்.

தன் குரல் அப்படி ஒரு வாக்கியத்தைச் சொல்லி அவரே கேட்டதில்லை. முன்சீட்டிலிருந்து குலசேகரன் முழு உடம்போடு திரும்பினான். "அட என்னண்ணே, இதச் சொல்ல இவ்வளவு நேரமா! ஓடிப்போய் நாலு துணிய எடுத்துட்டு வாங்க, நிக்கறோம். படுக்கைதான் காலியா இருக்கே!" வைஜயந்தி கைதட்டினாள். அவன் கண்ணில் துளி கேலி இல்லை, நிஜமாகவே சந்தோஷப்பட்டான் பாவி. தாமோதரனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, இவ்வளவுதானா, இவ்வளவு சுலபமா, இதற்கா இத்தனை நாள் வயிறு வெந்தது என்று சிரித்துக்கொண்டே கோமதியைப் பார்த்தார்.

கோமதி சிரிக்கவில்லை. கதவுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்தாள். பிறகு, முன்னால் இருப்பவர்களுக்குக் கேட்காத குரலில், "வேண்டாங்க" என்றாள். அவருக்குப் புரியவில்லை என்று நினைத்தாளோ என்னவோ, "இந்த ஒரு தடவை நான் மட்டும் போயிட்டு வரேனே" என்றாள். கோபமில்லை. பழைய கணக்கு எதையும் தீர்க்கிற குரல் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு சாமானை இரவல் கேட்கும்போது அவளுக்கு வருகிற குரல், இல்லை என்று சொல்லிவிடுவார்களோ என்று பயந்துகொண்டே கேட்கிற குரல்.

"சரி" என்றார். சொன்ன பிறகுதான் சொன்னது தெரிந்தது. படியில் இறங்கினார், அவள் ஏறினாள். ஏறும்போது அவர் தோளில் கையை ஊன்றிக்கொண்டாள், பஸ்ஸில் ஏறும்போதெல்லாம் ஊன்றுகிற மாதிரியே. "இடுப்புதான் தம்பி, வாய் ஒரு பக்கம் ஆசைப்படுது, வேற ஒண்ணும் இல்ல, கிளம்புங்க" என்று முன்பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். குலசேகரன் என்னவோ சொல்ல வாயெடுத்து, கண்ணாடியில் கோமதியைப் பார்த்துவிட்டு, பேசாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டான். அவன் பேசாமல் இருந்து தாமோதரன் பார்த்ததே இல்லை. அவன் மேல் பொறாமைப்படுவது எவ்வளவு சௌகரியமாக இருந்தது. இனி அது உதவாது. கோமதி கதவை ஒட்டிய ஜன்னலோரம் உட்கார்ந்து, ஒரு கையைக் கதவுக் கம்பியில் வைத்தபடி மூச்சை இழுத்து விட்டாள், தோள் இரண்டும் இறங்கின, அவருக்குத் தெரியாத ஒரு பெண்பிள்ளை மாதிரி இருந்தாள். அவர் இல்லாத இடத்தில் கோமதி எப்படி இருப்பாள் என்பதைக் குலசேகரன் பார்க்கப்போகிறான், வைஜயந்தி பார்க்கப்போகிறாள், வழியில் டீ போடுகிறவன், பெட்ரோல் போடுகிறவன் எல்லாம் பார்க்கப்போகிறார்கள். இந்த உலகத்தில் அவளைப் பார்க்க முடியாதவர் அவர் ஒருத்தர்தான்.

"கைய உள்ள எடுத்துக்கோ" என்றார். அவள் எடுத்துக்கொண்டாள். அவர் கதவை இழுத்துச் சாத்தினார்.